கால்வாய்க் கரைகளைக் கிராவலாகவே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் சைக்கிள் ஓட்ட இடமில்லை என்று சொல்லாதவர் இல்லை. நகரச் சாலைகளைப் பொறுத்தவரை அது உண்மைதான். நத்தம் சாலை, மேலூர் நான்குவழிச் சாலை, திருமங்கலம் சாலை என எதில் போனாலும் சைக்கிளுக்குக் கிடைப்பது தாருக்கு வெளியே உள்ள ஓரத்து மண் மட்டுமே. ஆனால் இந்தச் சாலைகளிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் விலகினால் பஸ்சும் லாரியும் எட்டிப் பார்க்காத பாதைகள் ஏராளமாக இருக்கின்றன. பெரியார் கால்வாயின் கரை, கண்மாய்க் கரைகள், ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் பழைய வண்டிப்பாதைகள் எல்லாம் ஏற்கெனவே போட்டு வைத்தவை. வெளிநாடுகளில் 'கிராவல்' சைக்கிள் ஓட்டம், அதாவது தார் போடாத சரளை, மண் பாதைகளில் ஓட்டுவது, பெரிய விளையாட்டாக வளர்ந்திருப்பதும் இதே வகைப் பாதைகளில்தான். இங்கே கரையைப் பலப்படுத்தும் வேலை வரும்போதெல்லாம் மேலே தாரும் போட்டுவிடலாம் என்ற பேச்சு கூடவே வருகிறது. அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும், இந்தப் பாதைகளை எப்படிக் கண்டுபிடித்து எப்படி ஓட்டுவது என்பதை விவரமாகச் சொல்லவும் இந்தக் கடிதம்.

முதலில் பெரியார் கால்வாய். 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமாகக் கள்ளந்திரி வந்து மேலூர் நோக்கிப் போகிறது. கால்வாயைப் பார்வையிட ஜீப் போவதற்கென்று கரையோடு ஒரு பாதை உண்டு. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் கால்வாய் மிக மெதுவாகத்தான் சரிகிறது. அதனால் கரைப் பாதையில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக ஓட்டுபவருக்கும் பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல பாதை கிடைக்காது. எதிரே வருவது வயலுக்குப் போகும் மொபெட்டும் எப்போதாவது ஒரு டிராக்டரும்தான். அழகர்கோவில் சாலையில் கள்ளந்திரிப் பாலத்தில் இறங்கி, முதல் நாள் ஒரு பக்கமாகப் பத்து கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்புவது நல்ல தொடக்கம். போகும்போது பார்த்து வைத்த குழியும் மடையும் திரும்பும்போது நினைவில் இருக்கும்.

கண்மாய்கள் இன்னும் சுவாரஸ்யமானவை. நம் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்று நிறைந்தால் கலுங்கு என்னும் உபரிநீர்ப் போக்கி வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இந்தச் சங்கிலியை அப்படியே சைக்கிள் பாதையாகப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு கரையில் ஏறி, கரை முடியும் கலுங்கில் இறங்கி, மறுகால் ஓடையை ஒட்டிய தடத்தில் போனால் அடுத்த கண்மாயின் உள்வாய் வரும். அதைச் சுற்றினால் அடுத்த கரை. மதுரையைச் சுற்றி நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிவதால், வளைந்த கரை பெரும்பாலும் கண்மாயின் கிழக்கு அல்லது தென்கிழக்கில் இருக்கும். இது தெரிந்தால் அறிமுகமில்லாத ஊரிலும் எந்தப் பக்கம் ஏறுவது என்ற குழப்பம் வராது. காலை வெயில் கரைக்கு வெளிப்பக்கமிருந்து அடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

வழி தேட செல்போனில் இருக்கும் வழிகாட்டியை நம்ப வேண்டாம். அது நேர் வழி என்று நான்குவழிச் சாலையில்தான் கொண்டுபோய் விடும். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கால்வாயின் கருங்கோட்டுக்கு இணையாக ஓடும் வெளிர்கோட்டைத் தேடுங்கள். அதுதான் கரைப் பாதை. கோடு பச்சையாக மூடிக்கிடந்தால் சீமைக்கருவேல் அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணைய வரைபடத்தில் மண் பாதைகள் விட்டுவிட்டு வரும் கோடுகளாக இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களில் வண்டிப்பாதைக்கும் ஒற்றையடிப்பாதைக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. மதுரை நகரம் 58 கே/1 என்ற தாளில் வருகிறது. பழைய தாளானாலும் எது ஊர்ப் பொதுப்பாதை, எது ஒருவருடைய தோப்புக்குள் போகும் தடம் என்று பிரித்தறிய உதவும். சந்தேகமிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பார்க்கலாம். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அது எல்லோருக்கும் பொது.

இதற்கெல்லாம் மேல் நல்ல வழிகாட்டி வயலில் நிற்பவர்தான். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "இந்த வழி போகுமா?" என்றால் நடந்துபோகிற கணக்கில் "போகும்" என்பார். "டிவிஎஸ் ஃபிப்டி போகுமாண்ணே?" என்று கேளுங்கள். அது போகிற பாதையில் சைக்கிள் நிச்சயம் போகும். "டிராக்டர்தான் போகும்" என்றால் சேறும் பள்ளமும் உண்டு. "ஆடுதான் போகும்" என்றால் திரும்பிவிடுவது நல்லது.

எந்தப் பக்கம் போகலாம் என்பதில் மண்ணைப் பார்த்து முடிவெடுப்பதே சரி. மேற்கே துவரிமான், மேலக்கால் தாண்டி வைகையின் தென்கரையில் தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம், குருவித்துறை வரை வண்டல் பூமி. தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் நிழல் தருவதால் கோடையில் ஓட்டத்தக்கது இந்தப் பக்கம் ஒன்றுதான். ஊர்களை இணைக்கும் தார்ச் சாலையை விட்டு வாய்க்கால் கரைகளில் இறங்கிவிட வேண்டும். ஆற்றை ஒட்டிய தடங்களில் மணல் ஆழமாகக் கிடக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தென்மேற்கே கீழக்குயில்குடியில் சமணமலை அடிவாரக் கண்மாயில் தொடங்கி வடிவேல்கரை, தட்டானூர்ப் பக்கம் சுற்றுவது குறைந்த தூரத்தில் நிறைவான பாதை. மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சைக்கிளைக் கீழேயே நிறுத்திவிட்டுப் படியேற வேண்டும்; பாறைமேல் ஓட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது.

வடகிழக்கே அழகர்கோவிலுக்கும் மேலூருக்கும் இடையே செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். சைக்கிளுக்கு மதுரைச் சுற்றுவட்டாரத்திலேயே மிகச் சிறந்த தரை இதுதான் என்பது எங்கள் முடிவு. மழை பெய்தாலும் அரை நாளில் இறுகிவிடும், வேகமும் கிடைக்கும். மாங்குளம், அரிட்டாபட்டி இந்த வட்டத்தில்தான் வருகின்றன. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலம் மக்கள் எதிர்ப்பால் 2025 ஜனவரியில் ரத்தானது. ஆகவே முன்பின் தெரியாதவர்கள் ஹேண்டில்பாரில் வழிகாட்டும் கருவியை மாட்டிக்கொண்டு குன்றைச் சுற்றி வந்தால் ஊர்க்காரர்கள் நிறுத்திக் கேட்பார்கள். கேட்பது அவர்கள் உரிமை. நின்று, இறங்கி, எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று சொல்லுங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம். மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குழிகள் வேலியில்லாமல், தண்ணீர் நிறைந்து, செங்குத்தாக இருக்கும். குவாரிக்குப் போன பழைய லாரித் தடம் அகலமாகக் கவர்ச்சியாகத் தெரியும். அதில் திரும்பவே கூடாது.

தெற்கே நிலையூர் தாண்டித் திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி போகப் போகக் கரிசல். காய்ந்த கரிசல் நல்ல பாதை. நனைந்த கரிசலில் சைக்கிள் ஒரு முழம்கூட நகராது. மண் டயரில் சுற்றிச் சுற்றி ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் மிதித்துத் தள்ளப் பார்த்தால் பின்பக்க கியர் மாற்றி செயினோடு இழுபட்டு, அதைத் தாங்கும் சிறிய அலுமினியத் துண்டு வளையும் அல்லது ஒடியும். அதோடு அன்றைய பயணம் முடிந்தது. மழைக்குப் பிறகு இரண்டு நாள் நல்ல வெயில் அடிக்காமல் கரிசலில் இறங்க வேண்டாம். மாட்டிக்கொண்டால் இறங்கி, குச்சியால் சுரண்டி எடுத்து, புல் இருக்கும் ஓரமாகத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி. மட்கார்டு இருந்தால் சேறு இன்னும் சீக்கிரம் அடைக்கும்.

எல்லாப் பக்கத்திலும் மோசமான தரை ஒன்று உண்டு. அது மண் அல்ல. ஜல்லியைக் கொட்டிப் பரப்பி, தார் போடாமல் பாதியில் விட்ட சாலை. உடைகல்லின் விளிம்பு டயரின் பக்கச் சுவரைக் கத்தி போலக் கிழிக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் டியூபை ஒட்டிப் பயனில்லை, கிழிசல் வழியே டியூப் பிதுங்கி வெடிக்கும். பழைய டயரில் வெட்டிய இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைப் பையில் போட்டு வைத்திருந்தால், அதை உள்ளிருந்து கிழிசலுக்கு அண்டை கொடுத்துக் காற்றைக் குறைவாக அடித்து வீடு வந்து சேரலாம்.

இனி சைக்கிள். விலையுயர்ந்த கிராவல் சைக்கிள் வாங்கினால்தான் ஆயிற்று என்பதில்லை. நம் வீடுகளில் நிற்கும் பழைய 28 x 1½ சைக்கிளின் டயரே 40 மில்லிமீட்டர் அகலம். இன்றைய கிராவல் டயர்களின் அகலம் 38-லிருந்து 45 மில்லிமீட்டர்தான். பழைய சைக்கிளின் குறை பிரேக்கில் இருக்கிறது. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்காது. ஹைபிரிட் சைக்கிளில் 35 மில்லிமீட்டராவது வேண்டும். மலை சைக்கிளின் 2.1 அங்குல டயர் மணலில் நன்றாக மிதக்கும், தார்ச் சாலையில் மட்டும் கனக்கும். டயர் வாங்கும்போது ஒரு விஷயம்: 700சி-யும் 29 அங்குலமும் ஒரே ரிம் அளவு, 622 மில்லிமீட்டர். பழைய 28 x 1½ அளவோ 635. இரண்டும் பெயரில் நெருக்கமாகத் தெரிந்தாலும் ஒன்றில் மற்றது ஏறாது. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

காற்று விஷயத்தில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். கல் போல அடித்தால் வேகம் வரும் என்ற நம்பிக்கை தாருக்குப் பொருந்தலாம், கிராவலுக்குப் பொருந்தாது. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் வேகமும் முதுகும் போகின்றன. 70 கிலோ எடையுள்ளவர் டியூப் உள்ள 40 மில்லிமீட்டர் டயருக்கு முன்னால் 35, பின்னால் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். 2.1 அங்குலத்துக்கு முன்னால் 24, பின்னால் 27 போதும். எடை பத்துக் கிலோ கூடினால் காற்றையும் மூன்று பிஎஸ்ஐ கூட்டுங்கள். குறைவாகிவிட்டது என்பதை டியூபே சொல்லும். கல்லில் மோதி ரிம் கடித்தால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை விழும். அப்படி ஆனால் நான்கு பிஎஸ்ஐ ஏற்ற வேண்டும். வைகைக் கரை மணலில் மட்டும் இதையும்விடக் கொஞ்சம் இறக்கி, மெதுவான கியரில், முன்சக்கரத்தில் பாரம் விழாமல் பின்னால் உட்கார்ந்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகப் போனால் தாண்டலாம். திருப்பினால் முன்சக்கரம் புதைந்து விழுவீர்கள். ரோட்டோரக் கடையில் கம்ப்ரஸரில் அடிக்கும்போது கவனம் தேவை; லாரி டயருக்கு உள்ள வேகத்தில் சைக்கிள் டியூப் நொடியில் வெடிக்கும். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள சைக்கிளுக்குக் கிராமத்துக் கடையின் பம்பு பொருந்தாது. பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுவது உத்தமம்.

முள்ளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், இந்த ஊரில் சைக்கிளை நிறுத்துவது வெயிலைவிட முள்தான். இரண்டு வகை. நெருஞ்சி, மழைக்குப் பிறகு கரையோரம் படர்ந்து மஞ்சள் பூ பூக்கும். காய்ந்ததும் முள் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும். துளை சிறியது, ஆனால் ஒரே இடத்தில் பத்து முள் ஏறும். சீமைக்கருவேல் முள் நீளமானது. 40 மில்லிமீட்டர் டயரை நேராகத் துளைத்து உள்ளே நுனி ஒடிந்து நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டிப் போட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி காற்று இறங்குவதற்குக் காரணம் இந்த ஒடிந்த நுனிதான். கருவேல் மரங்களை வெட்ட ஏலம் விட்ட கண்மாயில் அடுத்த சில வாரங்கள் போகவே கூடாது. தடியை ஏற்றிக்கொண்டு போவார்கள், முள்கொப்பு முழுக்கப் பாதையிலேயே கிடக்கும்.

முள்ளைத் தேடி எடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. டயர் மாட்டும்போதே டயரில் கம்பெனிப் பெயர் உள்ள இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். பஞ்சரானால் டியூபில் துளை வால்விலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று பார்த்து, டயரில் அதே தூரத்தில் தேடினால் முள் அகப்படும். உள்பக்கத்தை விரலால் தடவாதீர்கள், விரலில்தான் ஏறும். பஞ்சையோ பழைய பனியன் துணியையோ தடவினால் முள்நுனியில் இழை மாட்டும். முள்வாங்கி ஒன்று பையில் இருந்தால் பிடுங்கிவிடலாம். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஊசியால் உள்நோக்கித் தள்ளிப் பிடுங்க வேண்டும். ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு மறையும்வரை ஐந்து நிமிடம் காய விட்டுப் பிறகு ஒட்டுத் துண்டை வைத்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே வைத்தால் மதுரை வெயிலில் ஒட்டின் ஓரம் கிளம்பிவிடும். அவசரத்தில் பாதிப்பேர் செய்யும் தவறு இது.

டியூப் இல்லாத டயரில் ஊற்றும் சீலண்ட் என்னும் துளையடைக்கும் திரவம் நெருஞ்சிக்கு அருமருந்து. 40 மில்லிமீட்டர் டயருக்கு 90 மில்லி வரை ஊற்றலாம். நம் வெப்பத்தில் இரண்டு மாதத்தில் உலர்ந்து தோலாகிவிடும் என்பதால் அதற்குள் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இந்த வகை டயரில் முள்ளைப் பார்த்தவுடன் வழியில் பிடுங்க வேண்டாம். அதுவே துளைக்கு அடைப்பாக நிற்கும், வீட்டுக்கு வந்து பிடுங்கிச் சக்கரத்தைச் சுழற்றினால் சீலண்ட் போய் மூடிக்கொள்ளும். டியூப் உள்ள டயரில் டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பட்டை கிடைக்கிறது. அதன் ஓரம் டியூபை உரசித் துளைக்காமலிருக்க முகப் பவுடர் தூவி வைக்க வேண்டும்.

பையில் மாற்று டியூப், ஒட்டு சாமான், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, கைப்பம்பு, 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவி, செயின் இணைப்பு ஒன்று, நாலைந்து நைலான் கட்டு. இதற்கு மேல் தேவையில்லை. கிராவல் அதிர்வில் கேரியர், பாட்டில் கூண்டு, மட்கார்டு போல்ட்டுகள் தளரும். கிளம்பும் முன் ஒரு முறை இறுக்கினால் போதும். செயினுக்கு மோட்டார் எண்ணெய் விடாதீர்கள். செம்மண் புழுதி அதில் கலந்தால் அரம் போல அராவிப் பல்லைத் தின்றுவிடும். மெழுகு கலந்த உலர் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கரைப் பாதையில் மணிக்கு 12-லிருந்து 15 கிலோமீட்டர்தான் வரும். நாற்பது கிலோமீட்டர் என்றால் நின்று போக மூன்றரை மணி நேரம். சித்திரை, வைகாசியில் விடிந்ததும் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் கணக்கு. ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் கரைத்து வைப்பது பாதுகாப்பு. கரையில் கடை கிடையாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட்வரை மேற்கேயிருந்து வீசும் காற்று வெயில் ஏற ஏற பலமாகும். அந்த மாதங்களில் சோழவந்தான் பக்கம் போனால் காலையில் எதிர்காற்றைச் சமாளித்துவிட்டுத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். மேலூர்ப் பக்கம் போனால் இது தலைகீழ், களைத்த நேரத்தில் எதிர்காற்று.

தண்ணீர் திறப்பும் பாதையை மாற்றும். அணையில் இருப்பு இருந்தால் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்கு ஜூனிலும், அதற்கு அப்பால் மேலூர் நோக்கிய ஒருபோகத்துக்குச் செப்டம்பரிலும் திறப்பது வழக்கம். அதனால் ஜூன் தொடங்கி மூன்று மாதம் கள்ளந்திரிக்குக் கிழக்கே ஓட்டுவது வசதி. தண்ணீர் ஓடும் இடத்தில் தனியாகவோ இருட்டிலோ ஓட்டக் கூடாது. பக்கவாட்டில் சிமென்ட் பூசிய கால்வாயில் விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. எப்போதும் தண்ணீருக்கு எதிர் ஓரத்தில் ஓட்டுங்கள். மறுகால் பாயும் கலுங்கைக் கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று கடக்காதீர்கள். அடியில் பாசி. நடவுக்கு முன் சேறடிக்கும் டிராக்டர்கள் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு கரையில் ஏறி இறங்குவதால் பாதை பல்வரிசை போலக் குத்திக் கிடக்கும். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, பாதையே விவசாயத்துக்குத்தான்.

அந்த நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும். வரப்பில் சைக்கிள் ஏற்றாதீர்கள், உடைந்தால் தண்ணீர் வடிந்துவிடும். மடையடியிலும் படித்துறையிலும் காலையில் பெண்கள் குளிப்பார்கள். தூரத்திலேயே மணியடித்து, நிற்காமல், செல்போனை எடுக்காமல் கடந்துவிடுங்கள். அய்யனார், கருப்பு கோயில் காடுகளில் செருப்போடு போவதற்குத் தடை இருந்தால் சைக்கிளுக்கும் தடை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் பக்கம் கரையில் காளை கட்டியிருந்தால் இறங்கி, கயிற்றின் நீளத்துக்கு வெளியே தள்ளி நடந்து போக வேண்டும். கயிறு புல்லுக்குள் மறைந்திருக்கும், மார்கழி, தை மாதங்களில் காளைகள் முறுக்கோடு நிற்கும். நாய் துரத்தினால் வேகமெடுப்பது வீண். இறங்கி, சைக்கிளை நடுவே வைத்து, நாலடி நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டாக வேண்டும். அழகர்மலை, நாகமலைக் காப்புக்காட்டுக்குள் போகும் தடங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். கரைமேல் தார் போட்டால் மறுமாதமே டிப்பர் லாரிகளுக்கு அது குறுக்குவழியாகும். பாரம் தாங்காமல் கரை அமுங்கும், விரிசல் விடும்; கால்நடையோடு போகிறவர்களும் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளும் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள். கிராவல் போதும். ஆனால் ஒழுங்காகப் போட வேண்டும். கண்மாயில் தோண்டிய வண்டலையே கரைமேல் கொட்டிச் சமப்படுத்துவது பல இடங்களில் நடக்கிறது. முதல் மழையிலேயே அது சேறு. மூன்று மீட்டர் அகலத்தில் 20 சென்டிமீட்டர் உயரம் கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினால் 15 சென்டிமீட்டராக இறுகும். கிலோமீட்டருக்குச் சுமார் 210 யூனிட் (யூனிட் என்றால் நூறு கன அடி) ஆகும். கல்லும் களியும் கலந்த கிராவலாக இருக்க வேண்டும். களி இல்லாவிட்டால் கல் உருளும், களி மிஞ்சினால் வழுக்கும். நனைத்துக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் அப்பக் கூடாது. நடுவில் ஓரத்தைவிட ஆறு சென்டிமீட்டர் உயர்த்தினால் மழைத்தண்ணீர் இரு பக்கமும் வடிந்துவிடும். இந்த ஆறு சென்டிமீட்டரை விடுவதால்தான் நடுவில் தண்ணீர் தேங்கி, தேங்கிய இடம் குழியாகி, குழி வழியே கரையே அரிபடுகிறது.

லாரி வரும் இடங்களில் இரு முனையிலும் 2.2 மீட்டர் இடைவெளியில் கல்தூண் நட்டால் டிராக்டர் போகும், டிப்பர் போகாது. அறுவடை இயந்திரம் வரும் நாளுக்காக ஒரு தூணைக் கழற்றும்படி அமைத்து, சாவியை ஊர் நீர்ப்பாய்ச்சியிடம் கொடுக்கலாம். மடைகளில் கரை உடைந்து படியாக நிற்கும் இடங்களைச் சரிவாக்கினால் சைக்கிளுக்கு மட்டுமல்ல, உரமூட்டையோடு வரும் மொபெட்டுக்கும் உதவும். கருவேல் வெட்டும் ஏல நிபந்தனையில், பாதையில் கிடக்கும் முள்கொப்பை அள்ளி முடித்த பிறகே வைப்புத்தொகை திரும்பும் என்று ஒரு வரி சேர்த்தால் செலவே இல்லாமல் பாதை சுத்தமாகும்.

தங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்யலாம். தண்ணீர் திறப்புச் செய்தி வெளியிடும்போது எந்தக் கரையில் பராமரிப்பு வேலை நடக்கிறது, எந்தக் கண்மாயில் மரம் வெட்ட ஏலம் விட்டிருக்கிறார்கள் என்பதையும் மதுரைப் பதிப்பின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். சனிக்கிழமை காலைப் பதிப்பில் வந்தால் ஞாயிறு கிளம்புகிறவர்களுக்குக் கையில் கிடைக்கும்.

இப்படிக்கு,
மதுரை சைக்கிள் ஓட்டிகள் சிலர்